கிணற்றுப் பாட்டுக்கு ஒரு பட்டிமன்றம்

ஏழு வயதில் என்னைக் கிணற்றில் இறக்கியவர் அதை அன்பினால் செய்தாரா, கண்டிப்பினால் செய்தாரா என்று தீர்ப்புச் சொல்லத் திருவள்ளூரில் பந்தல் போட்டு, வாழைமரம் கட்டி, மைக்செட் வைத்திருந்தார்கள். இறக்கப்பட்டவள் நான். புதுவாயலில்தான் குடியிருக்கிறேன். அன்பா கண்டிப்பா என்று தெரிய வேண்டுமானால் பஸ் ஏறி வந்து என்னையே கேட்டிருக்கலாம். ஒருத்தரும் கேட்கவில்லை. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி அழைப்பிதழ்தான் அனுப்பினார்கள்.

‘புலவர் சுப்பராயனார் மணிவிழா. காலை பத்து மணிக்குப் பட்டிமன்றம். கிணற்றுப் பாட்டில் விஞ்சி நிற்பது தந்தையின் அன்பே, தந்தையின் கண்டிப்பே. நடுவர், வித்துவான் அருணாச்சலம்.’ படித்ததும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வாசனையே பிடிக்காமல் கொல்லைப்பக்கம் போய் நின்றேன்.

சுப்பராயனார் என் அப்பா. திருப்பாச்சூரில் எட்டு ஏக்கர் நஞ்சை. ஆள் வைத்துப் பயிர் செய்துவிட்டு அவர் பாட்டு எழுதுவார். எழுதியது நானூறு பாட்டு இருக்கும். அதில் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதை ஊர் மறந்துவிட்டது. மிஞ்சியது இந்த ஒன்று. இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பத்திரிகையில் வந்தது. அன்றிலிருந்து இந்தத் தாலுக்காவில் எந்தப் பள்ளிக்கூடத்தில் ஆண்டுவிழா நடந்தாலும் ஒரு பிள்ளை மேடையேறி இதைச் சொல்லும்.

அரைஞாண் அன்றியும் ஆழக் கயிறும்
அரையில் பூண்டாள் என்னுடை அம்மை;
இறக்கினேன் நீருள்; என்முகம் பார்த்தாள்;
இரங்கிலேன் ஆயினும் இருந்தேன் அருகே;
விட்டனன் என்றே விழிநீர் உகுத்தாள்;
விட்டிலேன் கயிற்றை விரல்நோம் அளவும்;
அப்பா என்றவள் அழைத்தகுரல்
கிணற்றில் எழுந்தென் நெஞ்சில் வீழ்ந்ததே.

கேட்கிறவர்கள் மகளுக்கு நீச்சல் பழக்கும் தகப்பன் என்று நினைத்துக்கொள்வார்கள். கொஞ்சம் படித்தவர்கள் அது கடவுள் என்பார்கள், உயிரைப் பிறவியில் இறக்கிவிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும் கடவுள். என்னிடமே வந்து, ‘அந்தப் பாட்டுக் கொழந்த நீதானாமே, கொடுத்து வச்சவ’ என்று சொன்னவர்கள் உண்டு. நான் கொடுத்து வைத்தது என்னவென்றால், மெட்ராஸிலிருந்து வந்த ஒரு பெரியவர் முன்னால் அப்பா எழுதிய வேறொரு பாட்டை ஒப்பிக்கும்போது ஒரு அடியை விட்டுவிட்டேன், அதற்குத் தண்டனையாகக் கிணற்றில் தொங்கினேன். அவ்வளவுதான். நான் அங்கே கத்தியதுகூட ‘அப்பா’ என்று இல்லை. எங்கள் வீட்டில் ‘நைனா’ என்றுதான் கூப்பிடுவோம். அச்சுக்குப் போகும்போது நல்ல தமிழாக இருக்கட்டும் என்று மாற்றிவிட்டார்.

இதைக் கல்யாணமான முதல் வருஷமே என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பெயர் துளசிராமன். புதுவாயல் அரிசி மில்லில் எஞ்சின் ஓட்டுகிறார். சத்தத்தைக் கேட்டே எந்த இடத்தில் போல்ட்டு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். மனுஷர்கள் விஷயத்தில் அந்தக் காது அவருக்குக் கிடையாது.

“சின்ன வயசுல கெணத்தப் பாத்துப் பயந்திருப்ப. கொழந்தைங்களுக்கு ஒண்ணு பத்தாத் தெரியும்” என்றார்.

அதற்குப் பிறகும் நாலைந்து தடவை சொன்னேன். ஒவ்வொரு தடவையும், “பெத்தவரப் பத்தி அப்படிப் பேசாத மணி” என்பார். அப்பா இவரை வாய் நிறைய ‘மாப்ள’ என்று கூப்பிடுவார், போகும்போது வண்டியில் ஒரு மூட்டை அரிசி ஏற்றி அனுப்புவார். அந்த மனுஷர் பிள்ளையைக் கிணற்றில் விடுவாரா என்று இவருக்கு ஒரே நிச்சயம். பிறகு நான் சொல்வதை விட்டுவிட்டேன்.

விட்டது தப்பு. எங்கள் மகள் செல்வி இந்த வருஷம் ஐந்தாவது முடித்தாள். புதுவாயலில் அதற்குமேல் படிக்க வழியில்லை. திருப்பாச்சூரில் தாத்தா வீட்டில் இருந்தால் திருவள்ளூர் ஹைஸ்கூலுக்குப் போய் வரலாம். அப்பாவே கடிதம் எழுதினார். ‘பேத்தி என்னிடம் இருக்கட்டும். தமிழும் கற்பிக்கிறேன்.’ என் வீட்டுக்காரர் அந்தக் கடிதத்தை மில்லில் எல்லோருக்கும் படித்துக் காட்டிவிட்டு வந்தார்.

“அனுப்ப முடியாது” என்றேன்.

“இன்னா மணி, ஊரே அந்தப் பாட்டக் கேட்டுக் கண்ணுல தண்ணி வுடுது. நீ ஒருத்திதான் மூஞ்சியச் சுளிச்சுக்கினு கீற. அத்தினி பேரும் படிச்சவங்கோ. அவங்களுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சிடும்?”

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். பட்டிமன்றத்துக்குப் போவோம், பெரியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்போம், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றார். பேசிக்கொள்ளலாம் என்று சொன்னவர், பேத்திதான் மேடையில் பாட்டைச் சொல்ல வேண்டும் என்று அப்பா ஆள் அனுப்பியதும், மூன்று நாள் முன்னாடியே செல்வியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். விழா அன்று நாங்கள் இருவரும் ஆரணி, பெரியபாளையம் வழியாகப் பஸ்ஸில் போனோம். அவர் மடியில் செல்வியின் தகரப் பெட்டி இருந்தது. புதுத் துணி, சிலேட்டு, எண்ணெய்ப் புட்டி எல்லாம் அவரே அடுக்கியிருந்தார்.

பந்தலில் என்னை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். பாட்டின் நாயகி வந்திருக்கிறார் என்று மைக்கில் சொன்னார்கள். திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். மேடையில் அப்பா பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நடுவர் அருணாச்சலம், அவர் கையருகில் ஒரு பித்தளை மணி. பேசுகிறவர் நேரத்தைத் தாண்டினால் அதை அடிப்பார். என் அப்பாவுக்கு அறுபது வயது என்று சொல்ல முடியாது. முடி மட்டும் நரைத்திருந்தது. முகத்தில் சந்தனம், குங்குமம், திருப்தி.

செல்வி வந்து நின்றாள். மைக் அவள் உயரத்துக்கு எட்டவில்லை, ஒருவர் அதை இறக்கிவிட்டார். கணீரென்று ஆரம்பித்தாள். ‘என்முகம் பார்த்தாள்’ வரைக்கும் சரியாக வந்தது. அடுத்து நேராக ‘விட்டனன் என்றே’ என்று போய்விட்டாள். நாலாவது அடி காணோம். கூட்டத்துக்கு ஒன்றும் தெரியவில்லை, குழந்தை சொன்னதே பெரிசு என்று கை தட்டினார்கள். அப்பாவும் தட்டினார், சிரித்தார், பேத்தியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து அவள் காதில் ஏதோ சொன்னார். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். அந்த மெட்ராஸ் பெரியவர் ரயிலேறப் போகிறவரை அப்பா என்னிடமும் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்பு அணிக்கு வரதன் என்று ஒரு வக்கீல். பேச எழுந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாட்டில் வரும் கயிறு தொப்புள்கொடி என்றார். கிணறு கருவறை என்றார். பத்து மாதம் சுமக்கிற பாக்கியம் தாய்க்கு மட்டும்தானா, இதோ ஒரு தந்தை மகளை நீரில் சுமந்து இரண்டாம் முறை பெற்றெடுக்கிறான் என்றார். ‘விரல்நோம் அளவும்’ என்று மூன்று தடவை சொன்னார், ஒவ்வொரு தடவையும் தன் விரல்களை மடக்கிக் காட்டினார். எனக்குப் பின்னால் இருந்த ஒரு அம்மாள் மூக்கைச் சிந்தினாள். எனக்கு வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது, வாந்திக்கு முன்னால் ஊறுமே, அந்த எச்சில். கருவறையாம். பாசி பிடித்த கல், செத்த தவளை, தலைக்கு மேலே ஒரு முறம் அளவுக்கு வானம். இவர் எந்தக் கருவறையைப் பார்த்தார் என்று தெரியவில்லை.

கண்டிப்பு அணிக்கு வந்தவர் தாவீது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஒல்லியாக இருந்தார், குரலும் ஒல்லி. நான் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. அவர் ஆரம்பித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“நீச்சல் என்கிறார்கள்” என்றார் தாவீது. “பாட்டைப் பாருங்கள். எட்டு அடியில் இந்தக் குழந்தை எங்கேயாவது கையை அசைக்கிறதா? காலை உதைக்கிறதா? நீச்சல் பழகும் பிள்ளை கரையைப் பார்க்கும், தண்ணீரைப் பார்க்கும். இந்தப் பிள்ளை தகப்பன் முகத்தையே பார்க்கிறது. ஏன்? தூக்குவானா மாட்டானா என்று பார்க்கிறது. விரல் நோகும் அளவுக்குக் கயிற்றைப் பிடித்தான் என்றால், எவ்வளவு நேரம் பிடித்திருக்க வேண்டும்? நீச்சல் கற்றுக்கொடுக்க அவ்வளவு நேரமா? இரங்கவில்லை என்று அவனே சொல்கிறான். இரங்க வேண்டிய ஒரு காரியம் அங்கே நடக்காமல் இரங்கவில்லை என்று ஏன் சொல்ல வேண்டும்?”

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இருபத்து மூன்று வருஷத்தில் இப்படி ஒரு மனுஷர் படித்தாரே என்று கண் நிறைந்தது. வக்கீல் பேசியபோது வராத கண்ணீர் அப்போது வந்தது. பக்கத்தில் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவரும் கவனித்துக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். இனி இவருக்கே புரிந்துவிடும், செல்வியைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தேன்.

இரண்டு அணியிலும் இரண்டாம் பேச்சாளர்களும் பேசி முடித்தபின் இடைவேளை விட்டார்கள். காபியும் போண்டாவும் கொடுத்தார்கள். செல்வி என்னிடம் ஓடிவந்தாள்.

“ஒரு அடிய வுட்டுட்டம்மா” என்றாள்.

“தாத்தா இன்னா சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல. சாயங்காலம் ஊட்டுக்குப் போயி தோட்டத்துல வச்சு சொல்லித் தரேன்னாரு. இனிமே மறக்கவே மறக்காதுன்னாரு.”

கிணறு தோட்டத்தில்தான் இருக்கிறது. நான் அவளைக் கூட்டிக்கொண்டு நேராகத் தாவீதைத் தேடிப் போனேன். பந்தலுக்குப் பின்னால், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

“நீங்க பேசுனது அப்படியே நெஜங்க. ஒரு வார்த்த மாறல” என்றேன். “எங்க வீட்டுக்காரருகிட்ட நீங்க தனியா ஒரு வார்த்த சொல்லணும். எம் பொண்ண அங்க வுட்டுட்டுப் போகப் பாக்குறாரு.”

அவர் முகம் மாறிவிட்டது. ஈரக் கையை வேட்டியில் துடைத்தார்.

“ஐயய்யோ, அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. சீட்டுக் குலுக்கினப்ப எனக்கு இந்த அணி வந்துச்சு, அவ்ளோதான். எம் மனசுல அப்படி நெனப்பே கெடையாது. ஐயா தங்கமான மனுஷரு. நேத்தே ஊட்டுக்குப் போயி, உங்களுக்கு எதிராப் பேசப் போறேன், மன்னிக்கணும்னு கால்ல வுழுந்துட்டுதான் வந்தேன்.”

அவர் என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு மேலும் சொன்னார்.

“உண்மையச் சொன்னா, அந்தப் பாயிண்டு எதுவும் என்னுதில்லம்மா. கை கால அசைக்கல, மொகத்தப் பாக்குது, எல்லாம் ஐயா எடுத்துக் குடுத்ததுதான். எதிரணி நல்லா இருந்தாதான் மன்றம் களை கட்டும்னாரு. எம்மாம் பெரிய மனசு பாருங்க.”

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். தான் செய்தது என்ன என்று அப்பாவுக்கு நன்றாகத் தெரிகிறது. ஒன்றையும் மறக்கவில்லை. அதை எடுத்து ஒரு வாத்தியார் வாயில் வைத்து, மேடையில் பேசவிட்டு, பொன்னாடை போட்டுக்கொண்டு உட்கார்ந்து ரசிக்கிறார். இந்த வாத்தியாரும் உண்மையை எச்சில் இலை மாதிரி எடுத்துக் காட்டிவிட்டுக் கை கழுவிக்கொண்டு நிற்கிறார். இவர்களில் யாரை அதிகம் அருவருப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இடைவேளை முடிந்ததும் நடுவர் மைக்கில் பேசினார். தீர்ப்புக்கு முன்னால், பாட்டின் நாயகி திருமதி மணியம்மாள் தந்தைக்கு மாலை அணிவித்து இரண்டு சொல் சொல்வார் என்றார். ஒரு ரோஜா மாலையை என் கையில் கொடுத்துவிட்டார்கள். நான் மேடையேறினேன். மாலையை மேஜைமேல் வைத்தேன். எனக்கு மைக்கில் பேசிப் பழக்கமில்லை, என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது.

“நான்தான் அந்தப் புள்ள” என்றேன். “நீச்சல் எல்லாம் கத்துக்குடுக்கல. மெட்ராஸ்லேர்ந்து ஒரு பெரியவரு வந்திருந்தாரு. நைனா எழுதுன பாட்ட அவரு முன்னாடி ஒப்பிக்கச் சொன்னாரு. ஒரு அடிய வுட்டுட்டேன். வந்தவரு சிரிச்சாரு. அவரு ரயிலுக்குப் போனதும், மாடு கட்டித் தண்ணி எறைக்கிற கவலைக் கயித்த என் இடுப்புல கட்டி உள்ள எறக்குனாரு. கழுத்து மட்டுக்கும் தண்ணி. வுட்ட அடியச் சொல்லு, தூக்குறேன்னாரு. எனக்கு ஞாபகம் வரல. கயித்தக் கையில புடிச்சுக்கினு இருக்கல, தூணுல கட்டிட்டாரு. மத்தியானம் எறக்குனவரு பொழுது சாயறப்பதான் தூக்குனாரு. அது வரைக்கும் மேட்டுல உக்காந்து இந்தப் பாட்ட எழுதிக்கினு இருந்தாரு. எங்கம்மா சமையல்கட்டு வாசல்ல நின்னுக்கினு இருந்தா, கிட்ட வரல. அவளும் பயந்தா. இன்னிக்கு எம் பொண்ணு ஒரு அடிய வுட்டுட்டா. அவள அந்த ஊட்ல...”

நடுவர் மணியை அடித்தார்.

எனக்கு முதலில் புரியவில்லை. மறுபடி அடித்தார். சிரித்துக்கொண்டே, நேரம் முடிந்தது என்று கையைக் காட்டினார். பந்தல் முழுக்கக் கைதட்டல். மழை மாதிரி என்பார்களே, அப்படி. பின்வரிசையில் ஒருவர் எழுந்து நின்று தட்டினார். நான் மைக்கைப் பிடித்தபடியே நின்றேன். மாலை போட வந்தவளைத் திடீரென்று கண்டிப்பு அணிக்குப் பேசவைத்திருக்கிறார்கள், இது விழாக்காரர்கள் செய்த ஏற்பாடு என்று அத்தனை பேரும் எடுத்துக்கொண்டார்கள். பட்டிமன்றத்தில் யார் எதைச் சொன்னாலும் அது ஒரு அணிக்கான பேச்சுத்தானே.

“அணிக்கு இருவர் என்றுதான் நினைத்திருந்தோம்” என்று நடுவர் ஆரம்பித்தார். “கண்டிப்பு அணிக்கு மூன்றாவதாக ஒருவர் ஒளிந்திருந்தது எனக்கே தெரியாது. கவலைத் தூண், சமையல்கட்டு வாசல், என்ன நுட்பமான கற்பனை. புலவரின் குருதி அல்லவா? இப்போது தீர்ப்பு சொல்கிறேன். பெற்ற தகப்பனை எதிரில் வைத்துக்கொண்டு, அவனுக்கு எதிராக வாதாடும் துணிவு ஒரு மகளுக்கு எங்கிருந்து வந்தது? அடக்கி வளர்த்தவன் மகளுக்கு அது வருமா? அன்பால் வளர்த்தவன் மகளுக்குத்தான் வரும். இந்தப் பெண்மணியின் பேச்சே அன்பு அணிக்குச் சாட்சி. ஆகவே கிணற்றுப் பாட்டில் விஞ்சி நிற்பது தந்தையின் அன்பே.”

அப்பா எழுந்து எல்லோரையும் கும்பிட்டார். நான் வைத்த மாலையை அவரே எடுத்துப் போட்டுக்கொண்டார். நான் படியிறங்கும்போது தாவீது எதிரில் வந்து, அந்தத் தூண் விஷயம் தெரியாமல் போய்விட்டதே, தெரிந்திருந்தால் நாங்கள் ஜெயித்திருப்போம் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அவரை அடிக்கக்கூட எனக்குக் கை எழவில்லை.

என் வீட்டுக்காரர் பந்தலுக்கு வெளியே தகரப் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். கழுத்துவரை சிவந்திருந்தார்.

“இன்னா மணி இது? நல்ல நாளும் அதுவுமா மேடையேறி இப்படியா பேசுவாங்கோ? அவுங்கோ வெளையாட்டா எடுத்துக்கினாங்கோ, மானம் பொழச்சுது. இப்ப தீர்ப்பும் கேட்டாச்சு இல்ல? வா, கொழந்தைய அவருகிட்ட வுட்டுட்டு மூணு மணி பஸ்ஸுக்குக் கெளம்பலாம்.”

செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். விடக்கூடாது என்று மட்டும்தான் இருந்தது, எப்படித் தடுப்பது என்று தெரியவில்லை. ஊரைக் கூட்டி, மைக்கில் சொல்லியாகிவிட்டது. அதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது?

பந்தலை ஒட்டிய அறையில் அப்பா பாயில் உட்கார்ந்து ஈரத் துண்டால் சந்தனத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், “வாங்க மாப்ள, ஒக்காருங்க” என்றார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபமே இல்லை. பாட்டில் தளை தட்டினால் எடுத்துச் சொல்வாரே, அந்த முகம்.

“நல்லாத்தான் பேசின” என்றார். “ஆனா தப்பாச் சொல்லக் கூடாது. பொழுது சாயற வரைக்கும்னு சொன்ன பாரு, அது பொய். நாலு மணிக்கெல்லாம் தூக்கிட்டேன். சாயங்கால ரயில் போற சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன்.”

என் வீட்டுக்காரர் பெட்டியைக் கீழே வைக்கக் குனிந்தவர் அப்படியே நின்றார்.

“அப்புறம், முழுப் பாட்டையும் மேட்டுல உக்காந்து எழுதிட்டேன்னியே. மொத ரெண்டு அடிதான் அங்க வந்துது. மிச்சம் மறுநாள்தான். ஒரே மூச்சுல வர்றதுக்கு அது இன்னா தெருக்கூத்துப் பாட்டா?”

“இன்னா மாமா சொல்றீங்கோ?” என்றார் என் வீட்டுக்காரர்.

“தூணுல கட்டுனது வாஸ்தவந்தான் மாப்ள. அதுல அவ சரியாத்தான் சொன்னா. ஆனா தூணுல கட்டுனேன்னு எழுதுனா ஓசை எங்க வருது? அதான் விரல்நோம் அளவும்னு போட்டேன்.”

“எத்தினி மணிக்கு எறக்குனீங்கோ?”

“பன்னெண்டரை இருக்கும். ஏன்?”

என் வீட்டுக்காரர் வாய்க்குள் எண்ணினார். அவர் எண்ணுவது உதட்டில் தெரியும், மில்லில் எஞ்சின் எத்தனை மணி ஓடியது என்று எண்ணுவதைப் போல.

“மூணரை மணி நேரம்” என்றார். “ஏழு வயசுப் புள்ள.”

“காலு ஊனிக்கப் படிக்கல்லு இருந்துது” என்றார் அப்பா. “அதுக்கப்புறம் ஒரு அடிய மறந்தாளா, கேளுங்க. இவளுக்கும் அதே கொறதான். ரத்தம் எங்க போவும்? மூணு நாளு படிச்சுப் படிச்சுச் சொல்லியும் நாலாவது அடியத் துண்டா வுட்டுட்டா பாருங்க, அத்தினி பேரு முன்னாடி.” செல்வியைப் பார்த்து விரலை ஆட்டினார். மறுபடி அந்தச் சிரிப்பு.

என் வீட்டுக்காரர் கீழே வைக்கப்போன பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். செல்வியின் கையை இறுக்கிப் பிடித்தார்.

“பஸ்ஸுக்கு நேரம் ஆச்சு மாமா” என்றார்.

“கொழந்த?”

“எங்ககூட வருது.”

“படிப்பு?”

போய்வருகிறேன் என்றுகூட அவர் சொல்லவில்லை. வெளியே வந்துவிட்டார். அப்பா எனக்குப் பின்னால் எதையோ கேட்டார், நான் திரும்பவில்லை. பந்தலில் சாப்பாட்டுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள், இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். நாங்கள் நிற்கவில்லை.

பஸ் நிலையத்துக்கு நடந்தோம். வெயில் அடித்தது. செல்வி நடுவில் நடந்தாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, தாத்தா வீட்டில் இருக்க வேண்டாம் என்றதும் முகம் தெளிந்திருந்தது, அவ்வளவுதான். பஸ்ஸுக்காக நிற்கும்போது அவர் என் பக்கம் திரும்பினார்.

“மணி, நீ சொன்னப்ப நான்...” என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினார்.

“நான் சொன்னப்ப அது சின்ன வயசுப் பயம்” என்றேன். “மேடையில சொன்னப்ப அது கற்பன. அவரு வாயால சொன்னதும் நெஜமாயிடுச்சு. பதினோரு வருஷம் ஒங்ககூடக் குடும்பம் நடத்திக்கினு கீறேன். என்ன நம்பறதுக்கு அந்த ஆளு வந்து சாட்சி சொல்லணும். அவரப் பாத்தா எனக்குக் கொமட்டுது. ஒங்களப் பாத்தாலும் கொமட்டுது.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த மனுஷர் அழுது நான் பார்த்ததில்லை, அன்றும் அழவில்லை.

“கொமட்டட்டும்” என்றார். “புள்ள நம்மகூட வருதில்ல.”

பஸ் வந்தது. அவர் ஏறிப் பெட்டியை மேலே வைத்தார். பிறகு செல்வியை உள்ளே ஏற்ற என்னிடம் கையை நீட்டினார். நான் அவளை அவரிடம் கொடுக்கவில்லை. நானே தூக்கி ஏற்றிவிட்டு, என் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன்.